உஷார்! டப்பா மூடியில் எழுதிய பெயரை நம்பிச் சிலந்தி வளர்க்காதீர்கள்

தைப்பிங், கமுந்திங், சாங்காட் ஜெரிங் பக்கம் பதின்ம வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டாருக்கு முதலில் ஒரு வேண்டுகோள். இன்று இரவு பிள்ளையின் மேசைக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் ஒரு பார்வை பாருங்கள். உள்ளங்கை அளவில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, மூடியில் ஊசியால் குத்திய துளைகள், உள்ளே தேங்காய் நார்த்தூள், மூடிமேல் மார்க்கர் பேனாவால் எழுதிய ஒரு பெயர். இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் உள்ளே இருப்பது டரன்டுலாச் சிலந்தியாக இருக்கலாம். மூடியில் உள்ள பெயர் அதன் உண்மைப் பெயர்தானா என்பதற்கு, விற்றவரின் வாய்ச்சொல்லைத் தவிர, உங்கள் பிள்ளையிடம் எந்த ஆதாரமும் இருக்காது.

வளர்ப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. பொறுமையும் படிப்பும் உள்ளவர்கள் இவற்றை இருபது ஆண்டுகளுக்கு மேல்கூட நல்லபடியாக வைத்திருக்கிறார்கள். எனக்குப் பயமெல்லாம் பெயரில்தான். எந்தச் சிலந்தி என்று தெரியாமல் வளர்க்கும்போது அது எப்படிக் கடிக்கும், எந்தக் காட்டைச் சேர்ந்தது, வைத்திருப்பது சட்டப்படி சரியா என்பதில் ஒன்றுகூடத் தெரியாமல் போகிறது.

டரன்டுலாக் குடும்பத்தில் இதுவரை விவரிக்கப்பட்ட இனங்கள் ஆயிரத்துக்கும் மேல். வளர்ப்பவர் முதலில் அறிய வேண்டிய பிரிவு ஒன்று உண்டு. அமெரிக்கக் கண்டங்களில் வாழும் இனங்களில் பெரும்பாலானவை வயிற்றின் மேல் நுண்ணிய அரிப்பு முடிகளை வைத்திருக்கும். எதிரி வந்தால் பின்னங்காலால் அவற்றைத் தேய்த்துக் காற்றில் பறக்கவிடும். கடிப்பது பெரும்பாலும் கடைசி வழிதான், கடித்தாலும் விஷம் பொதுவாக மிதமாக இருக்கும். ஆசியா, ஆப்பிரிக்கா பக்கத்து இனங்களுக்கு அந்த முடி கிடையாது. அவற்றுக்கு இருப்பது வேகமும் பல்லும் விஷமும். முன்னங்கால்களைத் தூக்கி நிற்பதைப் பார்த்துப் பின்வாங்க நினைப்பதற்குள் பாய்ந்துவிடும். மலேசிய மண்ணில் பிறந்த டரன்டுலா எதுவானாலும் இந்த இரண்டாம் வகைதான்.

முதல் வகையை விளையாட்டுப் பொருளாக நினைத்துவிடக் கூடாது. 2009இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒருவர் கண்ணில் நீர் வழிந்து, சிவந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் மருத்துவமனைக்குப் போனார். கண்ணின் முன்படலத்தில் முடி முடியாகக் குத்தி நின்றது. தொட்டி கழுவும்போது அவருடைய சிலி ரோஸ் டரன்டுலா முகத்தில் தூவிய முடிகள் அவை. அதனால் அமெரிக்க இனத்தை வைத்திருப்பவருக்குக் கண்ணாடி முக்கியம், ஆசிய இனத்தை வைத்திருப்பவருக்கு நீண்ட இடுக்கி முக்கியம். மூடியில் பெயர் தவறாக இருந்தால் எது முக்கியம் என்றே தெரியாமல் கையை உள்ளே விடுகிறோம்.

பிள்ளைகளை அதிகம் ஏமாற்றும் நிறம் நீலம். நம் வட்டாரத்தில் ஒரு பையன் என்னிடம் டப்பாவை நீட்டி, "இது சிங்கப்பூர் புளூ அங்கிள், இன்னும் நீலம் வரல, பெருசானா வரும்" என்றான். "எப்படித் தம்பி தெரியும்?" என்றால், "விக்கிறவரு போட்டோ காட்டினாரு." உள்ளே பழுப்பாக, கட்டைவிரல் நகம் அளவில் ஒன்று பதுங்கியிருந்தது. அந்த அளவில் அதை எந்த நிபுணர் பார்த்தாலும் வெறும் கண்ணால் இனம் சொல்ல மாட்டார்.

சிங்கப்பூர் புளூ என்று விற்கப்படுவது ஓமோதைமஸ் வயலேசியோபெஸ். 1924இல் ஆபிரகாம் என்பவர் விவரித்த மலாயா இனம் அது, மரத்தில் வாழும். கோபால்ட் புளூ என்பது சிரியோபேகோபஸ் லிவிடஸ். தாய்லாந்து, மியன்மார் பக்கம் மண்ணில் ஆழப் பொந்து தோண்டி, வாழ்நாளில் பெரும்பகுதியை அதற்குள் கழிப்பது. இரண்டும் வேகமானவை, கடுமையாகக் கடிப்பவை. ஆனால் ஒன்றுக்கு உயரமான தொட்டியும் மரப்பட்டையும் வேண்டும், மற்றதற்கு அரை அடிக்குமேல் ஆழமான மண் வேண்டும். பெயரை மாற்றி வைத்தால் பொந்துச் சிலந்திக்குப் பொந்து கிடைக்காது, மூடிக்கருகே தொற்றிக்கொண்டு நிற்கும். மூடியைத் திறந்த மறுநொடி அது உங்கள் கையில்.

நீலம் இத்துடன் நிற்கவில்லை. ஆந்திராவின் கூட்டி என்ற ஊரிலிருந்து 1899இல் போகாக் விவரித்த பொசிலோதீரியா மெட்டாலிகா உடல் முழுதும் நீலம். வெனிசுலாவின் கிரோமடோபெல்மாவுக்குக் கால் நீலம், வயிறு செம்மஞ்சள், முடி தூவும் வகை. தென் தாய்லாந்தின் பாங் நா சதுப்புநிலக் காட்டு நீலச் சிலந்திக்குக் கிலோபிராக்கிஸ் நடானிச்சாரம் என்று பெயர் வைத்ததே 2023இல்தான். அதற்கு முன்பே அறிவியல் பெயர் இல்லாமல், 'எலெக்ட்ரிக் புளூ' என்ற வியாபாரப் பெயரில் அது கைமாறிக்கொண்டிருந்தது. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி டரன்டுலாக்களிடம் நீலம் குறைந்தது எட்டு முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. அது சாயம் இல்லை, முடியின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. ஆகவே நீலம் உறவைக் காட்டும் அடையாளம் ஆகாது. போதாக்குறைக்கு, சிங்கப்பூர் புளூவின் பெண்தான் நீல ஊதாவில் மின்னும். ஆண் முதிர்ந்ததும் மங்கிப் பழுப்பும் பச்சையும் கலந்த நிறத்துக்குப் போய்விடும். பார்ப்பவர் அதை வேறொரு இனம் என்றே நினைப்பார்.

நிபுணர்களே எவ்வளவு காலம் ஏமாந்திருந்தார்கள் என்பதற்கு மெக்சிகோவின் செம்முழங்கால் டரன்டுலா சாட்சி. உலகெங்கும் வளர்ப்புக்கு மிகவும் பேர்போனது அதுதான், படங்களில் காட்டப்படுவதும் அதுதான். பல்லாண்டுகளாக எல்லோரும் அதைப் பிராக்கிபெல்மா ஸ்மிதி என்று அழைத்தார்கள். 2017இல் மெக்சிகோ ஆய்வாளர்கள் மென்டோசாவும் பிராங்கேயும் எல்லைகளை மீண்டும் வகுத்தபோது, வளர்ப்போர் கையில் ஸ்மிதி என்று இருந்தவற்றில் பெரும்பகுதி பிராக்கிபெல்மா ஹமோரி என்று தெரிந்தது. ஸ்மிதி குவெரெரோ மாநிலத்தின் பசிபிக் கரையில் வாழ்வது. ஹமோரி அதற்கு வடமேற்கே கொலிமா, ஹலிஸ்கோ, மிச்சோகான் பக்கம். பல் அமைந்திருக்கும் முகப்பகுதியின் முன்புறத்தில் ஹமோரிக்கு இரண்டு வெளிர்பட்டை, ஸ்மிதிக்கு ஒன்று என்பார்கள். அதுவும் எல்லாச் சிலந்தியிலும் தெளிவாகத் தெரியாது. கடைசியில் பெண்ணின் உள்ளுறுப்பு, ஆணின் உணர்கால் நுனி, மரபணு ஆகிய மூன்றையும் வைத்துத்தான் முடிவு செய்தார்கள். பெயர் தவறு என்று தெரியுமுன்னே இரண்டையும் இணை சேர்த்துக் குஞ்சு எடுத்தவர்கள் எத்தனை பேரோ. அந்தக் கலப்புக் குஞ்சுகள் இன்றைக்கும் ஏதோ ஒரு பெயரில் விற்பனைக்கு வருகின்றன.

பெயர்ப் பட்டியலே இடம் மாறிக்கொண்டிருப்பது இன்னொரு தொல்லை. ஹாப்லோபெல்மா என்ற பேரினப் பெயர் 2015இல் மறைந்து அதன் இனங்கள் சிரியோபேகோபஸ் ஆயின. அதுவரை சிரியோபேகோபஸ் என்று இருந்த நம்மூர் மரச்சிலந்தி இனமான ஷியோட்டெய் ஓமோதைமஸுக்குப் போனது. லாம்ப்ரோபெல்மா என்று இருந்த சிங்கப்பூர் புளூவும் பின்னால் அங்கேயே வந்து சேர்ந்தது. பழைய புத்தகத்தைப் பார்த்து வளர்ப்பவர் சிரியோபேகோபஸ் என்றால் மரச்சிலந்தி என்று நினைப்பார். இப்போது அந்தப் பெயரில் டப்பாவில் வருவது மண்ணைத் தோண்டும் சிலந்தி.

தமிழர் மண்ணோடு நேரடியாகச் சேர்ந்த கூட்டம் ஒன்று உண்டு. இலங்கைத் தமிழர் புலிமுகச் சிலந்தி என்று சொல்லும் பொசிலோதீரியா. இந்தியாவும் இலங்கையும் தவிர வேறெங்கும் இந்தப் பேரினம் கிடையாது. மேலிருந்து பார்த்தால் சாம்பலும் கறுப்புமாய் மரப்பட்டையின் நிறம், முதுகில் ஓர் இலைக்கோலம். ஏறக்குறைய எல்லா இனமும் அப்படியேதான் இருக்கும். வேறுபாடு கால்களின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. எந்தக் காலில் மஞ்சள், எங்கே கறுப்புப் பட்டை, அடிவயிற்றில் குறுக்கே வெளிர்பட்டை உண்டா என்று பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். அந்த அடிவயிற்றுப் பட்டை ரெகாலிஸ் இனத்தின் முக்கிய அடையாளம். ராமேஸ்வரத்தில் கண்டு 2004இல் ஹனுமாவிலாசுமிகா என்று பெயரிட்ட இனம் பின்னர் கடலுக்கு அந்தப் பக்கம் மன்னாரிலும் பதிவானது. போர் முடிந்த 2009இல் வன்னியில் ஊர்க்காரர்கள் கொண்டுவந்து காட்டிய செத்த ஆண் சிலந்தியிலிருந்து தேடல் தொடங்கி, மாங்குளம் பக்கம் கண்டெடுத்ததற்கு 2012இல் ராஜேய் என்று பெயர் வந்தது. தேடலுக்குத் துணைநின்ற காவல்துறை ஆய்வாளர் ஒருவரின் நினைவாக வைத்த பெயர் அது. முன்னங்கால் அடியில் பளிச்சென்ற மஞ்சளும் உடலில் இளஞ்சிவப்புப் பட்டையும் அதைத் தனியே காட்டின.

இந்தக் கூட்டத்தைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், கடியில் மருத்துவர்கள் அதிகம் கவலைப்படும் டரன்டுலா இதுதான். வளர்ப்போருக்கு ஏற்பட்ட கடிகளைத் தொகுத்து 2014இல் வெளிவந்த மருத்துவக் கட்டுரை, கடுமையான தசைப்பிடிப்பு பலருக்கு வந்ததையும், அது கடித்துப் பல மணிநேரம் கழித்தே தொடங்கியதையும் காட்டியது. வாங்கியவர் கையில் இருப்பது ரெகாலிஸா மெட்டாலிகாவா என்பது அழகைப் பொறுத்த கேள்வி. அது பொசிலோதீரியாவா இல்லையா என்பதுதான் உடம்பைப் பொறுத்த கேள்வி. குஞ்சாக இருக்கும்போது அதையும் மாற்றிச் சொல்லி விற்றுவிட முடியும்.

அடுத்து, நம் ஊர்ப் பக்கம் மண்ணுக்குள் இருப்பவை. புக்கிட் லாருட் அடிவாரத்திலும், பால்மரம் போய்ச் செம்பனை வந்த பழைய தோட்டங்களின் மண்மேடுகளிலும் பொந்தைப் பார்த்தால் தண்ணீர் ஊற்றிச் சிலந்தியை வெளியேற்றுகிற பழக்கம் பிள்ளைகளிடம் பரவுகிறது. தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். தோட்டத்தில் மரம் வெட்டிய நம் பெரியவர்கள் விடியுமுன் தலைவிளக்கோடு அந்த மேடுகளைக் கடந்தவர்கள், பொந்து தெரிந்தால் விலகிப் போனவர்கள்.

மலாயாவின் மண்பொந்துகளில் குறைந்தது மூன்று வெவ்வேறு கூட்டம் இருக்கிறது. வாயில் வளைபோல் பட்டுநூல் சுற்றி, கதவில்லாமல் திறந்திருந்தால் டரன்டுலாவாக இருக்கலாம். அதில் கோரெமியோக்னெமிஸ் என்றால் நான்காம் காலில் துடைப்பம் போல் அடர்ந்த முடி இருக்கும். 1892இல் சிமோன் பினாங்கிலிருந்து விவரித்த கூனிகுலேரியா இனம் இந்தப் பேரினத்தைச் சேர்ந்ததுதான். கிலோபிராக்கிஸுக்கு அந்தத் துடைப்பம் கிடையாது. வாய்ப்பக்கத்து முடிகளை உரசிச் சீறும் ஒலி எழுப்புவது இவற்றின் எச்சரிக்கை. அந்தச் சத்தம் கேட்டால் கையை எடுத்துவிட வேண்டும். மூன்றாவது, பொந்துக்கு மண்ணால் கதவு செய்து, வாயிலிலிருந்து சுற்றிலும் நூல்களை நீட்டி வைத்திருக்கும். அது டரன்டுலாவே இல்லை, லிபிஸ்டியஸ். அதன் வயிற்றின் மேல் தனித்தனித் தட்டுகள் அடுக்கியிருப்பதைப் பார்த்ததும் கண்டுகொள்ளலாம். சிலந்தி இனத்திலேயே மிகப் பழைய கிளை அது. அந்தப் பேரினத்தின் முதல் இனத்தை ஷியோட்டே பினாங்கிலிருந்து 1849இல் விவரித்தார். முன்னே சொன்ன ஷியோட்டெய் என்ற பெயர் அவரைக் குறித்ததே. அப்படிப்பட்ட உயிரை மலேசியக் கறுப்பு டரன்டுலா என்று எழுதி நாற்பது வெள்ளிக்கு விற்பவரையும் வாங்குபவரையும் நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை.

நாய் வளர்க்கும் வீட்டார் இந்தப் பத்தியைத் தவறாமல் படிக்க வேண்டும். ஆஸ்திரேலிய டரன்டுலாக்களின் கடிகளை ஆராய்ந்து 2003இல் மருத்துவர்கள் வெளியிட்ட கட்டுரையில் மனிதர் யாரும் சாகவில்லை. கடிபட்ட ஏழு நாய்களும் செத்துப்போயின, சில அரை மணி முதல் இரண்டு மணிநேரத்துக்குள். ஆஸ்திரேலிய இனங்களும் நம் கோரெமியோக்னெமிஸும் கிலோபிராக்கிஸும் ஒரே துணைக்குடும்பம். நம் இனங்களைப் பற்றி அதே மாதிரிக் கணக்கு எடுக்கப்படாத நிலையில், பாதுகாப்பாக இருப்பதே அறிவு. டப்பா விழுந்து திறந்தால் முதலில் மூக்கை நீட்டுவது நாய்தான்.

சட்டத்துக்கு வருவோம். தீபகற்ப மலேசியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010 அமலில் இருக்கிறது. அதன் பட்டியலில் உள்ள உயிரை உரிமம் இல்லாமல் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். வெளிநாட்டிலிருந்து வருபவற்றுக்கு அருகிவரும் உயிரினங்கள் பன்னாட்டு வாணிகச் சட்டம் 2008 தனியாக உண்டு. பிராக்கிபெல்மா பேரினம் முழுவதும் 1995 முதல் சைட்டிஸ் என்னும் பன்னாட்டு வாணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. பொசிலோதீரியா முழுவதும் 2019 நவம்பரில் அதில் சேர்ந்தது. தாள் இல்லாமல் உறையில் வந்த புலிமுகச் சிலந்தியை வேறு பெயர் எழுதி விற்பதற்குக் காரணம் இதற்குமேல் சொல்லத் தேவையில்லை. மாட்டிக்கொள்ளும்போது, "எனக்குப் பெயர் தெரியாது" என்ற பேச்சு உதவாது.

சரவாக்கில் நடந்தது இன்னும் நினைவில் இருக்க வேண்டும். 2019 பிப்ரவரியில் பிரிட்டிஷ் டரன்டுலா சங்கத்தின் இதழில் சரவாக்கைச் சேர்ந்த நீலக்கால் சிலந்தி ஒன்று பிருபெஸ் சிமோராக்சிகோரம் என்ற புதுப் பெயரோடு வெளிவந்தது. அந்த நீண்ட பெயர் அதைப் பிடித்த ஐரோப்பியச் சேகரிப்பாளர்களின் பிள்ளைகள் மூவரின் பெயர்களைச் சேர்த்துக் கோத்தது. அனுமதி இல்லாமல் எடுத்துப் போனதா என்று கேள்வி எழுந்து, சரவாக் வனத்துறை விசாரணையில் இறங்கி, உலகச் செய்தி ஆனது. நம் காட்டு உயிரின் முதல் மாதிரி நம் அருங்காட்சியகம் ஒன்றில் இருப்பதற்குப் பதில் வேறு நாட்டில் இருக்கிறது. இந்த வியாபாரம் எந்த வேகத்தில் ஓடுகிறது என்று அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். நம் பையன்கள் தண்ணீர் ஊற்றிப் பிடித்துக் கொடுப்பதும் அதே சங்கிலியின் முதல் கண்ணிதான். பெண் டரன்டுலா வளர்ந்து முட்டையிட ஆண்டுகள் பல ஆகும். ஒரு மண்மேட்டில் நாலைந்து பெண்ணை எடுத்தால் அந்த மேடு வெறுமையாகிவிடும்.

வாங்கியே தீருவேன் என்பவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். விற்பவரிடம் படத்தைக் கேட்காதீர்கள், தாய்ச்சிலந்தி உரித்த சட்டையையும் அது எந்த ஊர்க் காட்டு வம்சம் என்ற பதிவையும் கேளுங்கள். முழு அறிவியல் பெயரை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் வந்த வழியே திரும்பி வாருங்கள். அந்தப் பெயரை வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் காட்டி உரிமம் தேவையா என்று கேட்பது வாங்கும் முன்பு. வளர்க்கத் தொடங்கிய பின் உங்கள் சிலந்தி உரிக்கும் சட்டை ஒவ்வொன்றையும் தேதி எழுதிப் பத்திரப்படுத்துங்கள். பெண்ணின் உள்ளுறுப்பு வடிவம் அந்தச் சட்டையில்தான் பதிந்திருக்கும். நுண்ணோக்கியில் பார்க்கத் தெரிந்தவர் அதிலிருந்துதான் இனத்தைச் சொல்வார், சிலந்தியைத் தொடவே வேண்டியதில்லை. பெயர் உறுதியாகும்வரை அதை ஆசியப் பிரிவு என்றே வைத்து நடந்துகொள்ளுங்கள், கையில் ஏற்றாதீர்கள், இணை சேர்க்காதீர்கள். வேண்டாமென்று தோன்றினால் ஏரிப் பூங்காவிலோ புக்கிட் லாருட் சாலையிலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். பெர்ஹிலித்தானிடம் ஒப்படைக்க வழி உண்டு.

கடித்துவிட்டால் கீறுவது, இறுகக் கட்டுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவி, மோதிரம் வளையலைக் கழற்றி, துணியில் சுற்றிய பனிக்கட்டி வையுங்கள். சிலந்தியை விரட்டிப் பிடிக்கப் போய் இரண்டாம் கடி வாங்க வேண்டாம். டப்பாவையும் மூடியையும் தூர நின்று படம் எடுத்துக்கொண்டு தைப்பிங் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், மூச்சுத் திணறினால் 999. மூடியில் எழுதியிருப்பது விற்றவர் சொன்ன பெயர் மட்டுமே என்பதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். தேவைப்பட்டால் அவர் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தைக் கேட்டுக்கொள்வார். டரன்டுலா கடிக்கென்று தனி முறிமருந்து மருத்துவமனைகளில் வைத்திருப்பதில்லை. வலிக்கும் தசைப்பிடிப்புக்கும்தான் சிகிச்சை. அதனால், வலி குறைந்துவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிய பிறகு அன்று இரவோ மறுநாளோ கால், வயிறு, மார்பு எங்கேயாவது தசை இழுத்துப் பிடித்தால், கடித்தது எப்போதோ என்று எண்ணிப் படுத்துவிடாதீர்கள். உடனே மறுபடி மருத்துவமனைக்குப் போங்கள்.